மேற்பக்கம் வெள்ளை

மார்ச் 9

கிறிஸ்மஸுக்கு வந்தபோது ஆரபி தந்த டயரி இது. "அம்மா, நான் பிறக்க முந்தியிலிருந்து மீன் வளர்க்கிறியள். எனக்கு அதைப்பற்றி ஒண்டும் தெரியாது. எழுதி வையுங்கோ, லீவுக்கு வரேக்கை வாசிக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் பேர்கனுக்குப் படிக்கப் போய்விட்டாள். ஜனவரியும் பெப்ரவரியும் வெறுமையாகக் கிடக்கின்றன. இன்று தொடங்குகிறேன்.

தொடங்க நல்ல நாள். ஹலிபட் குஞ்சுகளை இன்றுதான் இருட்டிலிருந்து எடுத்தோம். முட்டை பொரித்த நாளிலிருந்து கும்மிருட்டில், குளிர்ந்த தண்ணீரில் கிடந்தவை. ஒவ்வொன்றும் வெள்ளை நூல் துண்டு மாதிரி, கண் மட்டும் கறுப்பு. ஆரபி, உனக்காக எழுதுகிறேன்: ஊரில் நாக்குமீன் என்போமே, அந்தத் தட்டை மீன் சாதியில் பென்னாம் பெரியது இந்த நோர்வேக் கடல் ஹலிபட். பிறந்தவுடன் மற்ற மீன்களைப் போல நிமிர்ந்துதான் நீந்தும். சில வாரத்தில் ஒரு கண் மண்டையைத் தாண்டி மற்றப் பக்கம் போய்விடும். மீன் சரிந்து படுத்துவிடும். மேலே தெரிகிற பக்கம் கடலடி மண் நிறமாகக் கறுக்கும், கீழே கிடக்கிற பக்கம் வெள்ளையாகவே இருக்கும். எத்தனை முறை பார்த்தும் எனக்கு அலுக்கவில்லை.

அப்பா இரை அறையில். அவரிடம் வேலை பழகிய பேரின்பமும் அவரும்.

மார்ச் 17

இரை அறை என்றால் என்ன என்று ஆரபி கேட்பாள். ஆர்ட்டீமியா என்று ஒரு பூச்சி, இறாலின் தூரத்துச் சொந்தம், கடுகை விடச் சின்னது. அதை உப்புத் தண்ணீரில் பொரிக்க வைத்து, மீனெண்ணெய்க் கலவையை ஊட்டிக் கொழுக்கவைத்து, அதன்பிறகுதான் குஞ்சுகளுக்குப் போடுவோம். எண்ணெய் ஏறாத ஆர்ட்டீமியாவைத் தின்றாலும் குஞ்சு பிழைக்கும். ஆனால் நிறம் பிடிக்காது. கண் மாறுவதற்கு நன்றாக முந்திய சில வாரங்களில் அந்த எண்ணெய் உள்ளே போயிருக்க வேண்டும். தவறவிட்டால் பிறகு எவ்வளவு ஊட்டியும் பயனில்லை.

அந்த எண்ணெயின் வெடில், அந்த மீன் நாற்றம்தான் என் தலைவிதி. இவருடைய வேலை உடுப்பைத் தனியாகத்தான் தோய்க்கிறேன். இன்றும் இரண்டு தரம் போட்டேன். போகவில்லை.

மார்ச் 25

பேரின்பம் சாப்பிட வந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் எங்கள் வீட்டில்தான். தங்கச்சியின் கலியாணத்துக்கு ரொறன்ரோ போகிறான், நாலு வாரம். பத்து வருடத்தில் அவன் எடுக்கும் முதல் நீண்ட லீவு.

இவர் ரீவி பார்க்கப் போனபிறகு சமையலறைக்கு வந்து, "அக்கா, நான் இல்லாத நேரம் இடைக்கிடை இரை அறைப் பக்கம் ஒருக்கால் எட்டிப் பாருங்கோ" என்றான்.

"ஏன்?"

"சும்மாதான். அண்ணை தனியாளா நிண்டு செய்யோணும். எண்ணெய் போட்டாச்சோ எண்டு ஒரு சொல்லு கேட்டுவிட்டால் காணும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்கு வேலை பழக்கினதே அவர்தான். இப்ப நீ அவருக்குக் காவல் வைக்கிறியோ?" என்றேன். முகம் கறுத்துப் போனான். கோழிக் குழம்பும் மிச்சம்.

மார்ச் 29

பேரின்பம் போய்விட்டான். பனி இன்னும் விடவில்லை.

ஏப்ரல் 5

வேலை முடிந்து வரும்போது இவர் எங்கள் வீட்டுச் சந்தியில் திரும்பாமல் நேரே சுரங்கப்பாதை வரைக்கும் காரை விட்டுவிட்டார். "எங்கை போறியள்?" என்று கேட்டேன். பிரேக்கைப் போட்டு அங்குமிங்கும் பார்த்துவிட்டு, "கடலைப் பாப்பமெண்டு" என்றார். சரியென்று இறங்கிப் பார்த்தோம். நல்ல காற்று. கலியாணம் முடித்த புதிதில் இப்படிச் சும்மா உலாத்தப் போனதுண்டு.

ஏப்ரல் 12

நல்ல செய்தி ஒன்று. புதிய சலவைத்தூள் வேலை செய்கிறது! இவருடைய உடுப்பில் எண்ணெய் வெடிலே இல்லை. என் உடுப்போடு சேர்த்தே தோய்த்துவிட்டேன். கடையில் இன்னும் இரண்டு பெட்டி வாங்கி வைக்க வேண்டும்.

குஞ்சுகள் நன்றாகத் தின்கின்றன. தொட்டி எல்லாம் துப்புரவாக்கினேன். செத்தவை குறைவு.

ஏப்ரல் 14

வருடப் பிறப்பு. பொங்கினேன். இவர், "அம்மாவுக்குப் போன் எடுத்தனீரோ?" என்று கேட்டார். கொழும்பிலிருக்கும் என் அம்மாவைத்தான் கேட்கிறார் என்று எடுத்துப் பேசினேன். இவர் எப்போதும் அவவை மாமி என்றுதான் சொல்வார். வாய் தவறி வந்திருக்கும். இவருடைய அம்மா தொண்ணூற்றைந்து யாழ்ப்பாண இடப்பெயர்வில், தெருவிலேயே உயிர் விட்டா. நல்ல நாளில் அவவின் நினைவு வரத்தானே செய்யும்.

ஏப்ரல் 15

ஒரே நாளில் இரண்டு தரம் பாண் ரொட்டி வாங்கி வந்திருக்கிறார். ஒன்றைக் குளிர்ப்பெட்டியில் வைத்தேன்.

ஏப்ரல் 27

பேரின்பம் வந்துவிட்டான். எனக்கு ஒரு சேலை, இவருக்கு ஒரு கம்பளித் தொப்பி. காலையில் சிரித்துக்கொண்டு வந்தவன் மத்தியானம் சாப்பாட்டு மேசைக்கு வரவேயில்லை. இரை அறைக்குப் போய்ப் பார்த்தேன். ஆர்ட்டீமியாத் தொட்டிக்கு முன்னால் சும்மா நின்றுகொண்டிருந்தான்.

"அக்கா, அண்ணை சுகமா இருந்தவரோ?"

"சுகத்துக்கு என்ன குறை? கல்லு மாதிரி இருக்கிறார்."

வேறொன்றும் கேட்கவில்லை. பயணக் களை.

மே 11

பேரின்பம் லீவு நாளிலும் வேலைக்கு வருகிறான். ஞாயிறு சாப்பிடக் கூப்பிட்டால் ஏதோ சாட்டுச் சொல்கிறான். ரொறன்ரோவில் பெண் பார்த்திருப்பார்கள், சரிவந்திருக்காது.

குஞ்சுகளின் கண் நகரத் தொடங்கிவிட்டது. சிலது அடியில் படுக்கின்றன. கண்ணாடி மாதிரி இருக்கின்றன, நிறம் இனித்தான் ஏற வேண்டும்.

மே 13

ஆரபி போனில் பேசினாள். "அம்மா, அப்பா என்னட்டை எப்ப சோதினை எண்டு ஒரு கோலுக்குள்ளை மூண்டு தரம் கேட்டவர்" என்றாள். "உன்னிலை உள்ள கவலையிலை கேக்கிறார்" என்றேன். பிறகு, "சரி அம்மா" என்றாள்.

மே 24

எழுத்து கோணலாக வருகிறது.

காலையில் முதலாம் தொட்டியின் மூடியைத் தூக்கினேன். அடி முழுக்க வெள்ளை. செத்துவிட்டன, எல்லாம் வயிறு மேலே தெரியப் புரண்டு கிடக்கின்றன என்றுதான் நினைத்தேன். குழாய் உடைந்ததோ, காற்று நின்றுவிட்டதோ என்று ஓடிப் பார்த்தேன். காற்று வந்துகொண்டிருந்தது. திரும்பி வந்து வலையைப் போட்டு ஒன்றை எடுத்தேன்.

உயிரோடு இருந்தது. புரண்டும் கிடக்கவில்லை. அந்த வெள்ளைப் பக்கத்தில் இரண்டு கண். இரண்டும் என்னைப் பார்த்தன.

மேற்பக்கம்தான் வெள்ளை.

எந்த வருடத்திலும் இப்படிச் சில மீன்கள் வரும். கழித்துவிடுவோம். மேலே வெள்ளையாக இருக்கிற ஹலிபட்டை வாங்குகிறவர்கள் தொடுவதில்லை. ஆனால் ஒரு தொட்டியே வெள்ளையாக நான் கண்டதில்லை. கேள்விப்பட்டதுமில்லை. தேடித் தேடிப் பார்த்தேன். ஒன்றின் வாலடியில் மட்டும் பேனா மை தெறித்த மாதிரி ஒரு கறுப்பு.

இரும்பு மூடியைக் கையில் பிடித்தபடியே நின்றிருக்கிறேன். எங்கள் மேலாளர் ஒட்வார் வந்துதான் அதை வாங்கி வைத்தான்.

மே 25

எல்லாத் தொட்டியும் அப்படித்தான்.

ஒட்வார் லேசில் கலங்குகிறவன் இல்லை. புயலில் கடல் கூடுகள் உடைந்து மீன் போனபோதும் பகிடி விட்ட மனிதன். இன்று கடைசித் தொட்டியைப் பார்த்துவிட்டு ஈர நிலத்திலேயே இருந்துவிட்டான். "இந்த வருடம் முழுக்க" என்றான். பிறகு திரும்பவும் அதையே சொன்னான்.

எண்ணெயில்தான் பிழை, கம்பனி கெட்ட எண்ணெயை அனுப்பிவிட்டது என்கிறான். ஆய்வுகூடத்துக்கு அனுப்புகிறானாம். பேரின்பம் சுவரோடு நின்றான். முகத்தில் இரத்தமே இல்லை.

இவர் தொட்டிக்குள் எட்டிப் பார்த்து, "வடிவா இருக்கு" என்றார். அதிர்ச்சியில் மனிதர் என்னத்தையும் சொல்வார்.

மே 26

நித்திரை இல்லை. மீன் தின்ன முடியவில்லை. பருப்பும் சோறும்.

ஜூன் 2

எண்ணெயில் பிழை இல்லை. அறிக்கை வந்துவிட்டது.

ஒட்வார் நேரே குளிர் அறைக்குப் போய் எண்ணெய்க் கலன்களைப் பார்த்தான். பின்வரிசையில், இந்நேரம் வெறுமையாக இருக்க வேண்டிய கலன்கள், முத்திரை உடைக்காமல் நின்றன. ஏப்ரலுக்கென்று மார்ச்சிலேயே வந்தவை. ஒன்றுகூடத் திறக்கப்படவில்லை. நானும் பக்கத்தில்தான் நின்றேன். ஒட்வார் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துப் பார்த்து வைத்தான், பாரத்தை நம்பாதவன் மாதிரி.

ஏப்ரலில் இரை அறையில் இவர் மட்டும்தான். உடுப்பில் வெடில் இல்லை. சலவைத்தூள் என்று நினைத்துச் சந்தோசப்பட்டு இரண்டு பெட்டி வாங்கி வைத்தேனே. வெடில் போகவில்லை. அது வரவேயில்லை.

வலை கழுவுகிற இடத்துக்குப் பேரின்பம் வந்தான்.

"உனக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"ரொறன்ரோவிலை இருந்து வந்த அண்டைக்கே தெரியும் அக்கா. கலன் எல்லாம் அப்பிடியே கிடந்தது. பிறகு புதுசா வந்த கலன்களை எடுத்து நாள் முழுக்கக் கூட்டிக் கூட்டி ஊட்டிப் பாத்தன். ஏதாவது பிடிக்குமோ எண்டு."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"என்னெண்டு சொல்ல? அண்ணைக்கு ஒரு வருசமா இப்பிடித்தான். போட்டதை மறந்து திருப்பிப் போடுவார். இல்லாட்டிப் போடாமலே போட்டதெண்டுவார். நான் பின்னாலை நிண்டு சரிசெய்துகொண்டு வந்தனான். எனக்கு வீடு தந்து, சோறு தந்து, மொழி சொல்லித் தந்த மனுசன். அவரை நான் ஒட்வாரிட்டைக் காட்டிக் குடுக்கிறதோ?"

"ஒரு வருசம்! எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை நீ!"

"சொன்னனான் அக்கா." கண்ணைத் துடைத்தான். "போக முதல் சொன்னனான். நீங்கள் என்னைத்தான் ஏசினீங்கள்."

கையிலிருந்த வலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

பிறகு அவன் சொன்னான்: நாளைக்கு ஒட்வார் விசாரிக்கும்போது, பழைய கலன்களைத் தொட வேண்டாம், புது எண்ணெய் வரும் என்று இவரிடம் தானே பிழையாகச் சொல்லிவிட்டுப் போனதாகச் சொல்லப் போகிறானாம். "என்னை நிப்பாட்டினால் ரொறன்ரோவுக்குப் போறன். அண்ணைக்கு உந்த வயசிலை உந்த அவமானம் வேண்டாம். நீங்கள் ஒண்டும் கதையாதையுங்கோ. அது காணும்."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரவு முழுக்க அதையே நினைத்துக்கொண்டு கிடக்கிறேன். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

ஜூன் 3

ஒட்வாரின் அறை. நாங்கள் நாலு பேர். ஒட்வார் எல்லாருக்கும் கோப்பி ஊற்றினான். பேரின்பம் வாயெடுக்க முன் கையைக் காட்டி நிறுத்திவிட்டு இவர் பக்கம் திரும்பினான்.

"குலா, எனக்குக் கோபமில்லை. எனக்கு விளங்க வேண்டும், அவ்வளவுதான். ஏப்ரலில் ஆர்ட்டீமியாவுக்கு எண்ணெய் போட்டாயா?"

இவர் கோப்பையை மேசையில் வைத்தார். ஒட்வாரின் முகத்தைப் பார்த்து, தெளிவாக, நிதானமாகச் சொன்னார்:

"ஓம், போட்டனான். ஒவ்வொரு நாளும் விடியப் போட்டனான். அம்மா பக்கத்திலை நிண்டு பாத்தவ. வேணுமெண்டால் அவவைக் கேளும்."

தமிழில்.

ஒட்வார் தனக்குக் கேட்கவில்லை என்று நினைத்து முன்னுக்குச் சரிந்தான். இன்னொரு தரம், ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டான்.

"அதைத்தானே சொன்னனான்" என்றார் இவர். அதுவும் தமிழில். பிறகு என் பக்கம் திரும்பி, "உவருக்குக் காது கேக்கேல்லையோ?" என்றார்.

இந்த மனிதர்தான் எனக்கு நோர்வே மொழி படிப்பித்தவர். ஒட்வாரோடு இருபது வருடம் அந்த மொழியில் சண்டை பிடித்து, பகிடி விட்டு, கூட்டத்தில் எழும்பிப் பேசியவர். தான் எந்த மொழியில் பேசுகிறார் என்பதே இவருக்குத் தெரியவில்லை. ஒட்வார் பதில் சொல்லட்டும் என்று காத்துக்கொண்டிருந்தார். இதற்கு முன்னால், ஒரு தொட்டி வெள்ளை மீனைக் கண்டபோது வந்த பயம் ஒன்றுமேயில்லை.

"என்ன சொல்கிறார்?" என்று ஒட்வார் என்னைக் கேட்டான்.

பேரின்பம் முந்திக்கொண்டான். "போட்டதாகச் சொல்கிறார். பிழை என்னுடையது ஒட்வார், நான் போக முன்..."

"பேரின்பம், பொறு" என்றேன்.

என்ன நினைத்து அதைச் சொன்னேன் என்று இப்போதும் எனக்குத் தெரியாது. பேரின்பத்துக்காக என்று எழுத ஆசையாக இருக்கிறது. உண்மையில், இவர் காத்துக்கொண்டிருந்த அந்த முகத்தைப் பார்த்தேன். ஒரு ஆளாவது அவர் சொன்னதைச் சொன்னபடி சொல்ல வேண்டும்போல் இருந்தது.

"ஒவ்வொரு நாளும் காலையில் போட்டதாகச் சொல்கிறார்" என்று நோர்வே மொழியில் சொன்னேன். "தன்னுடைய தாய் பக்கத்தில் நின்று பார்த்ததாகவும் சொல்கிறார்."

ஒட்வாரின் கை கோப்பையில் அப்படியே நின்றது. தொண்ணூற்றைந்தில் இவருடைய அம்மா செத்த செய்தி இந்த அலுவலகத் தொலைபேசிக்குத்தான் வந்தது. எடுத்தவன் ஒட்வார். அன்று முழுக்க இவருக்குப் பக்கத்தில் இருந்தவனும் அவன்தான்.

"குலாவின் அம்மா..." என்று தொடங்கினான். எழும்பி வந்து இவருடைய தோளில் கையை வைத்தான். இவர் அந்தக் கையைத் தட்டிக்கொடுத்தார், ஒட்வாருக்குத்தான் ஏதோ துக்கம் என்பதுபோல.

ஜூன் 4

யன்னல் சீலைகளைக் கழற்றித் தோய்த்தேன்.

ஜூன் 14

மருத்துவமனை. ஆரபி பேர்கனிலிருந்து வந்துவிட்டாள், கூடவே வந்தாள்.

டொக்டர் இளம் பெண். ஒரு மணிக்கூடு வரையச் சொன்னா. இவர் வட்டத்தை வடிவாக வரைந்தார். இலக்கங்களை எல்லாம் ஒரு பக்கத்திலேயே எழுதினார், மற்றப் பக்கம் வெறுமை. ஆரபி யன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

பெயர் உள்ள வருத்தம்தான், மறதி நோய். ஐம்பத்தாறு வயதில் வருவது குறைவு, ஆனால் வரும் என்றா. பிந்திப் படித்த மொழி முந்திப் போகும், தாய்மொழி கடைசிவரைக்கும் தாக்குப்பிடிக்கும் என்றா. நான் கேட்டேன்: நாங்கள் முந்தியே வந்திருந்தால் தடுத்திருக்கலாமா? இல்லை என்றா. என்னை ஆறுதல்படுத்தச் சொன்னாவோ, உண்மையோ தெரியாது. திரும்பக் கேட்கத் துணிவில்லை.

காரை ஆரபி ஓட்டினாள். பின்சீற்றில் இருந்துகொண்டு இவர், "பிள்ளை, எப்ப சோதினை?" என்றார். "முடிஞ்சுது அப்பா, நல்லாச் செய்தனான்" என்றாள். வீடு வருமட்டும், அவர் கேட்கக் கேட்க, முதல் தரம் கேட்பதுபோலவே பதில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஜூன் 18

மீன்களைக் கொல்கிற நாள். வர வேண்டாம் என்று ஒட்வார் சொன்னான். போனேன்.

மயக்க மருந்து கலந்த தண்ணீர். வலை வலையாக அள்ளினோம், பேரின்பமும் நானும். நோயில்லாத மீன்கள், கொழுத்தவை. வாங்க ஆளில்லை, வளர்க்கத் தீனிச் செலவு. அவ்வளவுதான் குற்றம். ஒட்வார் மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டுத் தானும் பூட்ஸ் போட்டுக்கொண்டு இறங்கினான்.

தெரிந்தும் மறைத்ததற்குப் பேரின்பத்துக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை, அதோடு விட்டான் ஒட்வார். மேலிடத்துக்குத் தான்தான் பொறுப்பு என்று எழுதியிருக்கிறான். "நான் கண்காணிக்கவில்லை, நம்பிவிட்டேன், நம்பினது என் பிழை" என்று. என்ன நடக்கும் என்று தெரியாது.

ஜூன் 20

ஆரபி கடைக்குப் போயிருந்தாள். சமையலறையில் இவர் உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தார். நான் அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு வெங்காயம் வெட்டினேன்.

"மலர், ஒண்டு கேக்கிறன். மறைக்காமல் சொல்லும்."

குரலே வேறாக இருந்தது. திரும்பிப் பார்த்தேன். கண் தெளிவாக இருந்தது. பழைய ஆள்.

"மீனுகள் வெள்ளையாப் போனது என்னாலைதானே?"

இந்தக் கேள்வி வந்தால் என்று எத்தனை பொய் யோசித்து வைத்திருந்தேன். தண்ணீர், வெளிச்சம், கம்பனி எண்ணெய். ஒன்றும் வாயில் வரவில்லை.

"ஓம்" என்றேன்.

"எவ்வளவு?"

"முழுக்க."

சீவிய கிழங்கைத் தண்ணீருக்குள் போட்டார். "ஒட்வார் பாவம்" என்றார். இன்னொரு கிழங்கை எடுத்தார், சீவவில்லை. "அண்டைக்கு அந்த டொக்டர்ப் பிள்ளை கதைச்சதிலை எனக்குப் பாதி பிடிபடேல்லை. என்ன சொன்னவ?"

சொன்னேன். வருத்தத்தின் பெயரைச் சொன்னேன். நோர்வே மொழி முதலில் போகும் என்று சொன்னதையும் சொன்னேன்.

"அப்ப தமிழ்?"

"அது கடைசியாத்தான்."

"ஆனால் போகும்."

வெங்காயத்தை வெட்டிக்கொண்டே இருந்தேன். எவ்வளவு வெட்டினேனோ தெரியாது.

"எப்ப எண்டு சொன்னவவோ?"

"ஒருத்தருக்கும் தெரியாதாம்."

கத்தியையும் கிழங்கையும் வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். மேசைக்கு அடியிலிருந்து ஒரு கதிரையைக் காலால் இழுத்துத் தனக்கு எதிரே போட்டார்.

"உந்த வெங்காயத்தை விட்டிட்டு வாரும். இதிலை இரும். நான் உமக்குச் சொல்லாத கதையள் கொஞ்சம் கிடக்கு."

"என்ன கதை?"

"நீர் வர முந்தி, நான் இஞ்சை தனிய இருந்த முதல் வருசத்துக் கதை. ஒருத்தருக்கும் சொன்னதில்லை. வாரும்."

போய் இருந்தேன். சொல்லத் தொடங்கினார். நடுவில் ஒரு இடத்தில் அழுதார். இன்னொரு இடத்தில் நான் வயிறு நோகச் சிரித்தேன். ஆரபி வந்து வாசலில் பையோடு நின்றவள், சத்தமில்லாமல் நிலத்தில் இருந்துவிட்டாள். அடுப்பில் தண்ணீர் வற்றிச் சட்டி கருகும் மணம் வந்தது. நான் எழும்பவில்லை.